காரின் பின் கண்ணாடிக்கு சன் ஃபிலிம் ஒட்டுவது: மடிப்பில்லாமல் படிய வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காரின் பக்கக் கண்ணாடிகளுக்கு நன்றாகவே ஃபிலிம் ஒட்டுவீர்கள். ஓரம் நேராக வரும், தூசி சிக்காது. பின் கண்ணாடி என்று வந்ததும் மேலே இரண்டு மடிப்பு விழும், கீழ் மூலையில் காற்று நிற்கும், நடுவில் எங்கிருந்தோ வந்த ஒரு நூல் கிடக்கும். அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். இதுவரை ஃபிலிமையே தொட்டதில்லை என்றால் முதலில் பக்கக் கண்ணாடி இரண்டை ஒட்டிப் பழகிவிட்டு வாருங்கள். பின் கண்ணாடி அதற்கு அடுத்த படி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காருக்குள் உட்கார்ந்து ஒட்டும்போது தலைகாட்டும் கோளாறுகளில் பெரும்பாலானவை, வெளியே ஃபிலிமைச் சூடு காட்டிச் சுருக்கும்போதே உண்டானவை. சரியாகச் சுருங்காத ஃபிலிமை உள்ளே எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் படியாது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில்தான் நடக்கும். உங்கள் நேரத்தையும் அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள்.

ஃபிலிம் எந்தத் திசையில் சுருங்கும்

பின் கண்ணாடி இடம் வலமாகவும் வளைந்திருக்கும், மேல் கீழாகவும் வளைந்திருக்கும். ஃபிலிமோ தட்டையான தாள். ஒரு பந்தின் மேல் காகிதத்தை வைத்து அழுத்திப் பாருங்கள். நடுவில் ஒட்டும், ஓரத்தில் அங்கங்கே புடைத்து நிற்கும். பின் கண்ணாடியிலும் அதேதான். மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் விரல்களை நிறுத்தி வைத்தது போல புடைப்புகள் எழும். மிச்சமாக இருக்கும் அந்த ஃபிலிமை வெட்டி எறிய முடியாது, சூட்டால் சுருக்கத்தான் முடியும்.

சன் ஃபிலிம் பாலியெஸ்டரால் ஆனது. தயாரிக்கும்போதே இழுத்து நீட்டப்பட்டது. சூடு பட்டதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. ரோல் எந்தப் பக்கம் நீளமாக ஓடுகிறதோ அந்தத் திசையில்தான் நன்றாகச் சுருங்கும். ரோலின் அகலவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு.

இதை என் வார்த்தைக்காக நம்ப வேண்டாம். மிச்சத் துண்டிலிருந்து ஒரு சாண் சதுரம் வெட்டி, ரோல் ஓடும் திசையில் மார்க்கரால் ஒரு அம்புக்குறி போடுங்கள். லேசாகப் பவுடர் தூவிய கண்ணாடியில் வைத்து ஹீட் கன்னை, அதாவது சூடான காற்றை ஊதும் கருவியை, காட்டுங்கள். அம்பு குட்டையாகும், அகலம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். அதைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு திசை தவறவே தவறாது.

புடைப்புகள் செங்குத்தாக நிற்கின்றன என்றால் மிச்சம் இருப்பது இடம் வலமாக. ஆகவே ரோலின் நீளமும் இடம் வலமாக ஓட வேண்டும். ரோலின் தொழிற்சாலை ஓரம் கண்ணாடியின் மேல் விளிம்புக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். 20 அங்குல ரோல் பல கார்களின் பின் கண்ணாடி உயரத்துக்குப் போதாது. அப்போது ஃபிலிமைத் திருப்பிப் போடலாமே என்று கை போகும். போடாதீர்கள். 36 அல்லது 40 அங்குல ரோல் வாங்குங்கள். திசை மாறிப் போட்ட ஃபிலிமுக்கு எவ்வளவு சூடு காட்டினாலும் புடைப்பு அமுங்காது, கருகத்தான் செய்யும்.

எந்த ஃபிலிம், எவ்வளவு கருமை

சாதாரணச் சாயம் ஏற்றிய ஃபிலிம் மெல்லியது, கைக்கு அடங்கும், சுருக்கப் பழகுவதற்கு ஏற்றது. செராமிக் ஃபிலிம் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் கொஞ்சம் விறைப்பு. சூட்டுக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும். உலோகப் பூச்சுள்ள ஃபிலிமைப் பின் கண்ணாடியில் ஒட்டுவதற்கு முன் யோசியுங்கள். பல கார்களில் ரேடியோ ஆன்டெனா பின் கண்ணாடியிலேயே பதிந்திருக்கும், உலோகம் சிக்னலைக் குறைத்துவிடும்.

ஃபிலிமில் 35 சதவீதம் என்று போட்டிருந்தால் அது ஃபிலிம் மட்டும் கடத்தும் ஒளி. கண்ணாடியும் தன் பங்குக்குக் கொஞ்சம் தடுக்கும். 75 சதவீத ஒளியை விடும் கண்ணாடியில் 35 சதவீத ஃபிலிம் ஒட்டினால் கடைசியில் உள்ளே வருவது ஏறக்குறைய 26 சதவீதம். உங்கள் ஊர்ச் சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது என்று பார்க்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஹீட் கன். இரண்டு ஸ்ப்ரே பாட்டில். ஒரு கடினமான பிளாஸ்டிக் கார்டு, ஒரு ரப்பர் ஸ்க்வீஜி (தண்ணீரை வழித்துத் தள்ளும் பட்டை), கண்ணாடியின் அடிப்பகுதிக்கு எட்டுகிற மாதிரி நீளமான மெல்லிய ஸ்க்வீஜி ஒன்று. நுனியை உடைத்து உடைத்துப் புதிதாக்கும் ஸ்டெயின்லெஸ் பிளேடு கட்டர். கீறாத வெள்ளை ஸ்க்ரப் பேட், நூல் உதிராத துணி, பேபி பவுடர், இரண்டு மூன்று பெரிய டவல், செலோ டேப், ஒரு டார்ச்.

கரைசலுக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பு. ஃபிலிம் வழுக்க வேண்டும், அதே சமயம் ஸ்க்வீஜி போன இடத்தில் பிடித்து நிற்க வேண்டும். ஷாம்பு கூடினால் தேய்த்த இடமும் நழுவும், குறைந்தால் வைத்த இடத்திலேயே கவ்விக்கொண்டு நகர்த்தவிடாது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பாருங்கள், லேசான வழவழப்பு போதும்.

வெளிக் கண்ணாடியைத் தயார் செய்தல்

வேலையைத் தொடங்கும் முன் டீஃபாகரை, அதாவது கண்ணாடியில் படியும் ஈரத்தைச் சூட்டால் போக்கும் மெல்லிய கோடுகளை, போட்டு எல்லாக் கோடுகளும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். முன்பே அறுந்த கோட்டைப் பிறகு நீங்கள் அறுத்ததாக நினைக்க வேண்டாம். பின் வைப்பர் இருந்தால் கழற்றுங்கள், குறைந்தபட்சம் தூக்கி நிறுத்துங்கள்.

வெளிப்பக்கம்தானே என்று கழுவாமல் விடக்கூடாது. ஒரு மணல் துகள் ஃபிலிமுக்கு அடியில் இருந்தாலும் சூட்டில் அந்த இடம் குழிந்து பதிந்துவிடும். கழுவி, பிளேடால் ஒருமுறை வழித்து, காயத் துடைத்த பிறகு பவுடரை மிக மெல்லியதாகத் தூவி உள்ளங்கையால் பரப்புங்கள். பவுடர் இருந்தால் ஃபிலிம் காய்ந்த கண்ணாடியில் ஒட்டாமல் தாராளமாக நகரும். சுருங்கும்போது அது நகர்ந்துதான் ஆக வேண்டும்.

ஃபிலிமை எல்லாப் பக்கமும் நாலைந்து சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி வையுங்கள். லைனர், அதாவது உரித்து எடுக்கும் அந்தப் பாதுகாப்புத் தாள், உங்களைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே கொண்டுபோகும்போது பசைப் பக்கம் கண்ணாடியில் படும். எந்தப் பக்கம் லைனர் என்று குழப்பமாக இருந்தால் மூலையில் இரு பக்கமும் செலோ டேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள், லைனர் பிரிந்து வரும்.

எச் வடிவத்தில் பிடிக்க வைப்பது

ஃபிலிமைத் தூக்கி, கண்ணாடியின் நடுவில் இடமிருந்து வலமாக ஒரு பட்டையைக் கரைசலால் நனையுங்கள். இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு பட்டை. ஆங்கில எச் எழுத்து படுக்காமல் நேராக நிற்கிற மாதிரி. இப்போது ஃபிலிமைப் படுக்க வைத்து, முதலில் நடுப் பட்டையையும் பிறகு இரு ஓரங்களையும் கார்டால் தேய்த்து அமர்த்துங்கள். ஓரங்களில் இருக்கும் தளர்ச்சியை அங்கேயே விடாமல் மேலுக்கும் கீழுக்கும் தள்ளிவிட வேண்டும். மிச்சம் முழுவதும் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை எனச் செங்குத்துப் புடைப்புகளாகத் திரளும்.

அடுத்த வேலைக்குத்தான் பொறுமை தேவை, பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான். ஹீட் கன்னை உடனே எடுக்காதீர்கள். புடைப்புகளை முதலில் பங்கு போடுங்கள். ஒரு பெரிய புடைப்பு நின்றால் அதன் உச்சியை விரலால் மெல்ல அமுக்கி இரண்டாக்குங்கள், அந்த இரண்டையும் நான்காக்குங்கள். ஒரே அளவில், ஒரே இடைவெளியில், சின்னச் சின்னதாக நிற்கும்வரை தடவித் தடவிப் பரப்புங்கள். ஒரு பெரிய புடைப்பைச் சுருக்குவது கடினம். அதே அளவு ஃபிலிம் ஆறு சிறிய புடைப்புகளாகப் பிரிந்து நின்றால் சூடு பட்டவுடன் தானாகவே உட்காரும். நான் இந்த ஒரு பழக்கத்தைக் கற்ற பிறகுதான் என் பின் கண்ணாடிகளில் மடிப்பு நின்றது.

சூடு காட்டும் விதம்

ஹீட் கன்னை நடுத்தரச் சூட்டில் வைத்து, ஃபிலிமிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். புடைப்பின் அடி, அதாவது நடுப் பட்டைக்கு அருகில் அது தொடங்கும் இடத்திலிருந்து, விசிறி வீசுவது போல இடம் வலமாக ஆட்டிக்கொண்டே ஓரத்தை நோக்கிப் போங்கள். கை ஒரு நொடிகூட நிற்கக் கூடாது.

கண்ணை ஃபிலிமிலேயே வையுங்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பிறகு புடைப்பின் முதுகில் ஒரு சின்ன நடுக்கம் ஓடும், பளபளப்பு கொஞ்சம் மாறும், புடைப்பு தளர்ந்து கண்ணாடியை நோக்கி இறங்கும். அது இறங்கும் அந்தக் கணமே சூட்டை அடுத்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். இறங்கிய பிறகும் அங்கேயே காட்டினால் ஃபிலிம் தேவைக்கு மேல் சுருங்கி, பக்கத்தில் இருப்பதையும் இழுத்துப் புதிய சுருக்கத்தை உண்டாக்கும். லைனர் உப்பிப் பிரிந்தாலோ, ஃபிலிம் வெளுத்துப் போனாலோ, மேற்பரப்பு சொரசொரப்பாகத் தெரிந்தாலோ சூடு மீறிவிட்டது என்று அர்த்தம். அந்தத் துண்டைத் தயங்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை எடுங்கள். இந்தக் கட்டத்தில் இழப்பது ஒரு துண்டு ஃபிலிம் மட்டுமே.

புடைப்பு முழுவதும் இறங்கும் முன் கார்டால் அழுத்தவே அழுத்தாதீர்கள். அழுத்திய புடைப்பு மடிப்பாகிவிடும். விழுந்த மடிப்பை எதுவும் எடுக்காது. இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு, கார்டில் துணி சுற்றி நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒரு தடவு தடவினால் போதும்.

கண்ணாடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான கார்களில் பின் கண்ணாடி டெம்பர்டு கண்ணாடி. ஒரே இடத்தில் சூட்டைக் குவித்தால் மொத்தமும் ஒரே நொடியில் பொடிப்பொடியாக உதிரும். குளிர்ந்த காலை நேரத்தில் முதலில் கண்ணாடி முழுவதையும் பரவலாக வெதுவெதுப்பாக்கிவிட்டுத் தொடங்குங்கள். சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீரை வாரி அடிக்காதீர்கள். சின்னக் கீறலோ வெட்டோ ஏற்கெனவே இருந்தால் சூடே காட்ட வேண்டாம்.

மேல் வரிசை முடிந்ததும் கீழ் வரிசை. இரண்டும் முடிந்த பிறகு ஒரு பரீட்சை வையுங்கள்: ஃபிலிமைத் தூக்கிப் பவுடரைக் கழுவிவிட்டு, கண்ணாடி முழுவதும் தாராளமாக நனைத்து, ஃபிலிமை மறுபடி வைத்து ஸ்க்வீஜியால் முழுக்க அமர்த்துங்கள். எங்கும் எழாமல் கண்ணாடியின் தோல் போலப் படிந்திருந்தால் உள்ளேயும் படியும். எங்காவது எழுந்தால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு சூடு. இந்தப் பரீட்சையைத் தவிர்த்துவிட்டு உள்ளே போகாதீர்கள்.

வெட்டுதல்

காருக்குள் டார்ச்சை எரியவிட்டு, வெளியிலிருந்து பாருங்கள். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி இருக்கும் கருப்பு ஓரமும் அதன் புள்ளிகளும் ஃபிலிம் வழியாகத் தெளிவாகத் தெரியும். புள்ளிகளைத் தாண்டி, முழுக் கருப்பாக இருக்கும் பகுதிக்குள் சில மில்லிமீட்டர் போய் வெட்டுங்கள். அதிகம் போனால் உள்ளே பிளாஸ்டிக் ட்ரிம்மில் முட்டி ஓரம் மடங்கும். பிளேடைச் சாய்த்து, அழுத்தாமல், அதன் எடையிலேயே ஓடவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது நுனி. மூலைகளை வட்டமாக்குங்கள், கூரான மூலைதான் முதலில் உரியும்.

உள்பக்கம்

பழைய ஃபிலிம் இருந்தால் அதை எடுப்பதில்தான் டீஃபாகர் கோடுகள் போகும். ஃபிலிமுக்கு நீராவி காட்டி, பசை இளகிய பிறகு மூலையிலிருந்து மெதுவாக இழுங்கள். அவசரப்பட்டால் கோடும் சேர்ந்து வரும். மிச்சப் பசையை ஸ்க்ரப் பேடால், கோடு ஓடும் திசையிலேயே தேய்த்து எடுங்கள். கோட்டுக்குக் குறுக்கே பிளேடு போகவே கூடாது. இரு ஓரத்திலும் வயர் சேரும் இடம் இன்னும் மென்மையானது, அங்கே துணி மட்டும்.

பின் ஷெல்ஃபில் டவலை இரண்டு மடிப்பாக விரியுங்கள். அதன் அடியில் ஸ்பீக்கரும் வயரும் இருக்கும், வழியும் தண்ணீர் அங்கே இறங்கக் கூடாது. உயர்ந்த பிரேக் விளக்கைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள்.

தூசிக்கு: ஏசி, ஃபேன் எல்லாம் நிறுத்தி, கதவைச் சாத்தி, கூரைக்கும் சீட்டுக்கும் மேலே காற்றில் மெல்லிய சாரலாக ஸ்ப்ரே அடித்துச் சில நிமிடம் விடுங்கள், மிதக்கும் தூசி அடங்கும். உடுத்தியிருக்கும் துணியையும் கவனியுங்கள். ஒருமுறை எல்லாம் சரியாக முடித்து வெளியே வந்து பார்த்தால், கண்ணாடியின் நட்டநடுவில் வளைந்த ஒரு வெள்ளை நூல். என் தோளில் கிடந்த புது டவலிலிருந்து விழுந்தது. அன்று முழு ஃபிலிமையும் உரித்தேன். இப்போதெல்லாம் பலமுறை துவைத்த, நூல் விடாத துணியைத் தவிர வேறெதையும் காருக்குள் கொண்டுபோவதில்லை.

கண்ணாடியைக் கடைசியாக ஒருமுறை மேலிருந்து கீழாக அலசி, ஸ்க்வீஜியால் வழித்துவிட்டு, மறுபடி தாராளமாக நனையுங்கள்.

ஃபிலிமை ஏற்றுதல்

வெளிக் கண்ணாடியில் ஃபிலிம் இருக்கும்போதே லைனரை ஒருமுறை உரித்து, பசைப் பக்கத்தை நனைத்து, திரும்ப மூடிவிடுங்கள். காய்ந்த லைனரைக் காருக்குள் உரித்தால் நிலைமின்சாரம் சுற்றியுள்ள தூசியை எல்லாம் இழுக்கும். உரிக்கும்போதே இன்னொரு கையால் ஸ்ப்ரே அடித்துக்கொண்டே போக வேண்டும். பிறகு மடிப்பு விழாமல் தளர்வாகச் சுருட்டி உள்ளே கொண்டுபோங்கள். இரண்டு பேர் இருந்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

பின் சீட்டில் பின்னோக்கி முட்டி போட்டுக்கொண்டு, மேல் பாதி லைனரை மட்டும் இறக்கி, மேல் ஓரத்தைப் பொருத்துங்கள். இரு மூலையும் சமமாக வந்ததா என்று பார்த்த பிறகு மீதி லைனரை ஸ்ப்ரே அடித்தபடி உரித்து எடுங்கள். ஃபிலிமின் முகப்பையும் நனையுங்கள், ஸ்க்வீஜி வறண்டு ஓடினால் கீறல் விழும்.

முதல் தேய்ப்பு நடுவில், டீஃபாகர் கோடு போகும் திசையில், மென்மையாக. அதிலிருந்து மேலே, பிறகு கீழே, ஒவ்வொரு தேய்ப்பும் முந்தையதில் பாதியைத் தொட்டபடி. இது ஃபிலிமை நிலைநிறுத்த மட்டும். இரண்டாம் சுற்றில்தான் பலம். கடினக் கார்டில் துணி சுற்றி, ஒவ்வொரு கோட்டை ஒட்டியும் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளி உறிஞ்சுங்கள். அடிப்பகுதிக்கு நீள ஸ்க்வீஜி. அங்கே தேங்கிய தண்ணீர்தான் மறுநாள் ஓரத்தைத் தூக்கிவிடும்.

சின்னப் புடைப்பு ஒன்று உள்ளே எழுந்தால் அமுக்காதீர்கள். அந்த ஓரத்தை மட்டும் விடுவித்து, நனைத்து, பரப்பி, குறைந்த சூட்டை ஓரிரு நொடி காட்டிவிட்டு அமர்த்துங்கள்.

புள்ளிகள் இருக்கும் கருப்பு ஓரத்தில் ஃபிலிம் முழுதாக ஒட்டாமல் வெளிறித் தெரியும். புள்ளிகள் மேடானவை என்பதால் இது எல்லா ஃபிலிமுக்கும் வருவதுதான். கார்டின் முனையால் திரும்பத் திரும்ப அழுத்துங்கள், மறுநாள் லேசாகச் சூடு காட்டி இன்னொரு முறை அழுத்துங்கள். பாதி குறையும். டீஃபாகர் கோடுகளை ஒட்டி மெல்லிய வெள்ளிக் கோடாகக் காற்று நிற்பதும் இப்படித்தான், உலர உலரக் குறையும்.

உலரும் நாட்கள்

அடுத்த சில நாட்களுக்குக் கண்ணாடி மங்கலாக, திட்டுத் திட்டாகத் தெரியும். அது தண்ணீர், ஆவியாகிப் போய்விடும். வெயிலில் சீக்கிரம், குளிரில் சில வாரம்கூட ஆகும். ஊசியால் குத்த வேண்டாம். விரலால் அழுத்தினால் நகராமல் பளிச்சென்று வட்டமாக நிற்பது காற்று. நடுவில் கடினமான புள்ளி தட்டுப்பட்டால் தூசி. இவை இரண்டும் தானாகப் போகாது.

அதுவரை உள்பக்கத்தைத் துடைக்க வேண்டாம். பிறகு துடைக்கும்போதும் அம்மோனியா கலந்த கிளீனரைத் தவிருங்கள்.

அடுத்த காருக்கு முன்னால் ஒரு பயிற்சி: மிச்ச ஃபிலிமை வைத்து உங்கள் காரின் பின் கண்ணாடியில் வெளியே சுருக்க மட்டும் செய்து பாருங்கள். வெட்ட வேண்டாம், உள்ளே கொண்டுபோக வேண்டாம். எச் போடுவது, புடைப்பைப் பங்கு போடுவது, சூடு, நனைத்துப் பரீட்சை. ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு. இப்படி ஐந்தாறு முறை செய்தால், ஃபிலிம் இறங்கும் அந்தக் கணம் கைக்குப் பிடிபட்டுவிடும்.

டீஃபாகரை ஃபிலிம் முழுக்க உலர்ந்த பிறகே போடுங்கள். போட்டதும் கண்ணாடியில் ஈரம் எந்த வரிசையில் விலகுகிறது என்று கவனியுங்கள். எல்லாக் கோடுகளையும் ஒட்டி ஒரே சமயத்தில் தெளிந்தால் கோடுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.